நான் கூட்டி எழுதிய அரை சென்டிமீட்டர்

உயரம் அளக்கும் பலகையில் நிற்கச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் குதிகாலைக் கொஞ்சம் தூக்குவீர்கள். மற்றப் பாதிப் பேர் கழுத்தை நீட்டுவீர்கள். கோபிக்க வேண்டாம் பிள்ளைகளே. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக்கில் பதினெட்டு வருடம் உங்களைப் போன்றவர்களை அளந்தவன் நான். என் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையும் வளர முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வளராமல் நின்றுபோன ஒரு பிள்ளை என் கண் முன்னாலேயே இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. போன கிழமை கிளினிக்குக்குப் பொறுப்பான சந்திரா மிஸ் போன் எடுத்தார். புதிய மெஷின் வந்திருக்கிறதாம். பிள்ளை ஏறி நின்றால் உயரத்தை அதுவே வாய்விட்டுச் சொல்லுமாம். “இனி ராஜாவுக்கு வேலை இல்லை” என்று சிரித்தார். பிறகு ஒன்று கேட்டார். குரோன்ஸ் என்கிற குடல் நோய் என்று புதிதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் வாங்கில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர்மார் அச்சடித்துத் தருகிற தாளைப் பிள்ளைகள் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதித் தாருங்கள் என்றார். நான் பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் விழுந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து இறங்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திமூன்று வயது. தரை துடைத்தேன், துணி மூட்டை சுமந்தேன், நோயாளர் தள்ளுவண்டி தள்ளினேன். பத்தொன்பது வருடம் அப்படிப் போனது. பிறகு சிறுவர் கிளினிக்கில் நிறுப்பதற்கும் அளப்பதற்கும் ஆள் தேவை என்று என்னை விட்டார்கள்.

அளப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். சப்பாத்து, அதற்குள் போடுகிற மேஸ் இரண்டையும் கழற்ற வேண்டும். பின்னல் உச்சியில் இருந்தால் அவிழ்க்க வேண்டும். குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூன்றும் பலகையில் தொட வேண்டும். முகம் நேரே பார்க்க வேண்டும், மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, மேல்சட்டத்தைத் தலைமயிர் அமுங்குகிற அளவுக்கு இறக்க வேண்டும். அளக்கிறவர் தன் கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். பிள்ளையை இறக்கி, மறுபடி ஏற்றி, மூன்று தரம் இப்படிச் செய்ய வேண்டும்.

இதை ஒரு பிள்ளைக்குச் செய்ய ஐந்து நிமிடம். கிளினிக் நாளில் வாசல் வரைக்கும் வரிசை. எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஒரு குறுக்கு வழி சொல்லித் தந்திருந்தார். மாதா மாதம் வருகிற பெரிய பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை. பிள்ளை வருடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வளரும், அப்படியென்றால் மாதத்துக்கு அரை. போன மாதத்து எண்ணோடு அரையைக் கூட்டி எழுதிவிட வேண்டியதுதான். கணக்கில் இரண்டு தடவை விழுந்தவனுக்கு அந்தக் கணக்கு மட்டும் நன்றாக வந்தது. எல்லாருக்கும் அப்படிச் செய்யவில்லை. கூட்டம் முட்டுகிற நாளில், அளப்பதற்கு விருப்பமில்லாத பிள்ளைகளுக்குச் செய்தேன்.

நுஸ்ராவுக்கு விருப்பமே இல்லை.

கம்பளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஹனீபா நானாவின் கடைசி மகள் அவள். பதினொரு வயது. வயிற்று வலி, இரத்தக் குறைவு என்று அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் நான் ஒழுங்காக அளந்தேன். நூற்று இருபத்தொன்பதரை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் சுகமாகும், மறுபடி வலி வரும். வாயில் புண். முழங்கால் வலி. ஹனீபா நானா மகளின் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மாதா மாதம் ரெயிலில் கூட்டிவருவார். கடையில் இத்தனை பேருக்குச் சோறு போடுகிறேன், என் பிள்ளை மட்டும் தின்பதில்லை என்று என்னிடம் சொல்வார்.

பலகை பக்கம் போனதும் நுஸ்ரா மெதுவாகச் சொல்வாள்.

“போன மாசந்தானே அளந்த, அங்கிள்.”

வகுப்பில் உயர வரிசையில் அவளை முதலாவதாக நிற்க வைத்திருந்தார்கள். அவளைவிடச் சின்னதாக இருந்த பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து அவளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டார்கள். அந்தப் பலகை அவளுக்குப் பிடிக்காது என்று எனக்கு விளங்கியது. எனக்கும் அவள் வயதில் ஒரு மகள், தர்ஷினி. பாவம், பிள்ளையை ஏன் நோகடிக்க வேண்டும் என்று அரையைக் கூட்டி எழுதினேன். இப்படி எட்டு மாதம். அவள் கையோடு கொண்டுவருகிற கிளினிக் கொப்பியில் உயரம் நூற்று முப்பத்துமூன்றரைக்கு வந்துவிட்டது. பார்த்த டாக்டர்மார் எல்லாரும், நிறை ஏறாவிட்டாலும் உயரம் ஏறுகிறதே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் புதிய பெரிய டாக்டர் மாறி வந்தார். டாக்டர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வந்த முதல் திங்கட்கிழமை ஓர் இரும்புக் கம்பியோடு வந்தார். சரியாக ஒரு மீட்டர் நீளம். அதைப் பலகையில் வைத்து, பலகை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் பார்ப்பார். பலகையில் ஏறப் பயப்படுகிற பிள்ளையிடம் ஏறு என்று சொல்ல மாட்டார். முதலில் தன்னுடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேஸோடு பக்கத்தில் நிற்பார். மேஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருக்கும். பிள்ளை அதைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு தன் சப்பாத்தையும் கழற்றும். அவருக்கு ஓட்டையில்லாத மேஸ் வாங்கத் தெரியாதா, அல்லது வேண்டுமென்றுதான் போட்டு வந்தாரா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது.

அவர் நுஸ்ராவின் கொப்பியை விரித்து, வளர்ச்சிக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

“ராஜேந்திரன், இந்தக் கோடு நல்ல வடிவா இருக்கு.”

வடிவு என்றால் அவர்கள் ஊரில் அழகு. பாராட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

“பிள்ளையள் இப்பிடி வடிவா வளர மாட்டினம்” என்றார்.

பிறகு அவர் சப்பாத்தைக் கழற்றினார். நுஸ்ராவும் கழற்றினாள். அவரே அளந்தார், மூன்று தரம். நூற்று இருபத்தொன்பதரை. மூன்று தரமும் அதேதான். போன மாதம் யார் அளந்தது என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் பொய் சொன்னேன். நான்தான் அளந்தேன், ஒழுங்காகத்தான் அளந்தேன், பலகை ஆடியிருக்கும் என்றேன். அவர் இரும்புக் கம்பியை எடுத்து வைத்துப் பார்த்தார். பலகை ஒரு மயிரிழைகூடப் பிழையில்லை. உயரம் சந்தேகம், ஒரு மாதத்தில் மறுபடி அளக்கவும் என்று கொப்பியில் எழுதினார். குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு நீண்ட வரிசை இருந்தது. வளர்கிற பிள்ளையை அதில் முன்னுக்குத் தள்ள முடியாது. நின்றுபோன பிள்ளை என்றால் தள்ளலாம். எது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒரு மாதம். தெரிந்தவன் நான் ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நுஸ்ரா வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, கிழவி மாதிரி இறங்கினாள்.

எங்கள் வீட்டு அலுமாரியின் பக்கவாட்டில் தர்ஷினியின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பது வழக்கம். பௌர்ணமிக்கு வருகிற போயா தினம் லீவு என்பதால் ஒவ்வொரு போயாவுக்கும் ஒரு கோடு. அன்று வீட்டுக்குப் போனதும் அந்த அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கோடு ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது ஒரேயடியாகத் தாவியிருந்தது. பிறகு ஒரு மாதம் அசையவேயில்லை. நான் எழுதிய கோடு மாதிரி வடிவாக இல்லை. ஆனால் கீழேயிருந்து மேலே வரைக்கும் விரலை வைத்துப் பார்த்தால் அந்த எட்டு ஒன்பது மாதத்தில் என் மகள் மூன்று விரல் வளர்ந்திருந்தாள். அதே மாதங்களில் நுஸ்ரா ஒரு நூல்கூட வளரவில்லை. என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

காலையில் டாக்டர் வருவதற்கு முன்பே அவருடைய அறை வாசலில் நின்றேன். பலகை ஆடவில்லைங்க சேர், நான்தான் அளக்காமல் எழுதினேன் என்றேன். எட்டு மாதத்தையும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

“அப்ப அந்தப் பிள்ளை எட்டு மாசமா வளரேல்ல. ஒரு மாசம் காத்திருக்கத் தேவையில்லை” என்றார். உடனே கம்பளைக்குப் போன் எடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “கொப்பி வந்ததும் நீங்கள் எழுதினதை நீங்களே வெட்டுங்கோ. அழிக்க வேண்டாம். பிழையும் தெரிய வேணும். தகப்பனிட்டையும் நீங்கள்தான் சொல்ல வேணும்.”

இரண்டு நாளில் அவர்கள் வந்தார்கள். எட்டு எண்ணையும் ஒற்றைக் கோட்டால் வெட்டி, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஹனீபா நானாவை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானும் கடையில கைப்பதத்துக்குத்தான் உப்புப் போடுற. அளந்து போடுறல்ல. ஆனா இது உப்பு இல்லியே, அண்ணன்.”

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் மறுபடி தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். அதனால்தான் நுஸ்ராவைக் கமராப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனவனும் நானாகவே இருந்தேன்.

அதற்கு முந்தின நாள் குடலைச் சுத்தமாக்க ஒரு தண்ணீர் குடிக்க வேண்டும். கொஞ்சமில்லை, போத்தல் போத்தலாக. உப்பும் இனிப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று வார்டுக்கு வந்த டாக்டர் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார். நுஸ்ரா என் முகம் போன போக்கைப் பார்த்து, தன்னுடையதைக் குடித்தாள். பரிசோதனை உங்களுக்கு நோகாது. மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் செய்வார்கள். நான் தள்ளிக்கொண்டு போகும்போது பேசிக்கொண்டே வந்தவள், வாசலில் ஊசி போட்டதும் பாதி வசனத்தில் தூங்கிப்போனாள். எழும்பியதும் மிச்ச வசனத்தைச் சொன்னாள்.

குடலில் புண்கள் இருந்தன. குரோன்ஸ் நோய் என்றார் டாக்டர். அவர் அவளுக்கு விளங்கப்படுத்தியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் பின்பு நானும் நிறையப் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். கம்பளையிலிருந்து கண்டிக்கு வருகிற ரெயில் பாதையில் ஒரு துண்டு பழுது. பிறகு கொஞ்சத் தூரம் நன்றாக இருக்கிறது. பிறகு இன்னொரு துண்டு பழுது. ரெயில் தட்டுத்தடுமாறி வந்து சேரும், ஆனால் வழியில் ஸ்டேஷன்களில் இறக்க வேண்டிய சாமானை இறக்காது. சாப்பாட்டின் சத்து உடம்புக்கு வராதது அப்படித்தான். உடம்பைக் காவல்காக்க இருக்கிற ஆட்கள் ஆள் மாறித் தங்கள் பாதையையே உடைக்கிறார்கள். ஏன் என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. நுஸ்ரா சாப்பிட்ட எதனாலும் இல்லை. உம்மா சமைத்ததாலும் இல்லை. யாருக்கும் தொற்றாது. கண்ணூறும் இல்லை.

“பாதையைத் திருத்திறதுக்கு ரெயிலை நிப்பாட்டணுமா?” என்று அவள் கேட்டாள்.

“பாரமான ரெயிலை நிப்பாட்ட வேணும். ஆறு கிழமைக்கு” என்றார் டாக்டர்.

அதுதான் முதல் வைத்தியம். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், சோறில்லை, ரொட்டி இல்லை, ஒரு பிஸ்கட்டும் இல்லை. டின்னில் வருகிற ஒரு சத்துப் பால் மட்டும், ஒரு நாளைக்கு இத்தனை கோப்பை என்று. எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது, சிலருக்கு வேறு மருந்தோடு தொடங்குவார்கள். உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டர் சொல்வார். நுஸ்ராவுக்கு இதைக் கொடுத்தார்கள். வீடோ சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடி. காலையிலிருந்து கறி வாசம். போதாததற்கு நோன்பு மாதமும் வந்துவிட்டது.

நோன்பு அவளுக்கு உதவியது என்று ஹனீபா நானா பிறகு சொன்னார். பகலில் வீட்டில் யாருமே தின்பதில்லை, கடையும் மூடியிருக்கும், அவள் மட்டும் பால் குடிப்பாள். நோன்பு துறக்கிற நேரந்தான் கஷ்டம். எல்லாருக்கும் கஞ்சியும் சமோசாவும், அவளுக்கு அதே கோப்பை. முதல் நாள் அவள் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதாள். வாப்பா ஒரு பேரீத்தம்பழத்தால் நோன்பு துறந்தார். தன் கஞ்சியை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்திருந்து, கோப்பையில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் விட்டு அலசி, அதைக் குடித்தார். பிறகுதான் கஞ்சி. மாதம் முழுவதும் அப்படித்தான் செய்தார். நல்லா ஈக்கா வாப்பா என்று அவள் கேட்பாளாம். சரியான மோசம் மகள் என்று அவர் சொல்வாராம். பெருநாளன்றும் அவளுக்குப் பால்தான். வட்டிலப்பத்தை மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்துவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆறு கிழமையில் வயிற்று வலி போனது. முகத்தில் இரத்தம் வந்தது. மாத்திரை தொடங்கினார்கள். என்னையும் கிளினிக்குக்குத் திருப்பி எடுத்தார்கள். மூன்றாம் மாதம் அவளை நான் அளந்தேன். பின்னலை அவிழ்த்து, மூச்சை இழுக்கச் சொல்லி, மூன்று தரம். நூற்று முப்பது தசம் மூன்று. எட்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. நான் எண்ணைச் சொன்னதும் ஹனீபா நானா சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார். டாக்டர் வளர்ச்சிக் கோட்டைப் பார்த்தார்.

“இப்பதான் இது வடிவில்லாமல் இருக்கு. நல்லது” என்றார்.

நோய் அதோடு ஓடிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் அதுவும் அரையைக் கூட்டி எழுதியதாகிவிடும். குரோன்ஸ் போகாது, அடங்கி இருக்கும். நுஸ்ராவுக்கு இரண்டு தடவை மறுபடி எழும்பியது. ஒரு தடவை பரீட்சை நேரம். மருந்தை மாற்றினார்கள். இப்போது குறித்த நாளில் வந்து, கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, ஒரு மூன்று மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டுப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் கேட்காமலே டொய்லட்டுக்குப் போக டீச்சரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். கூடைப்பந்துக் குழுவிலும் இருந்தாள். கோடு சில மாதம் படுத்தது, சில மாதம் பாய்ந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கடைசிக் கிழமை அது. பெரியவர்கள் கிளினிக் கீழ்மாடியில். ஊசிக்கு வந்த நுஸ்ரா, நான் போகிறேன் என்று கேள்விப்பட்டு மேலே வந்தாள். பத்தொன்பது வயது. ஹனீபா நானா கடையில் செய்த மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். இத்தனை வருடமும் வாப்பாவிடம்தான் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

“தெரியும் அங்கிள். கொப்பியில எட்டு வெட்டு ஈக்கி, எட்டுக்கும் உங்கட சைன் ஈக்கி. சின்னதுலயே எண்ணிப் பார்த்த.”

“அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?”

அவள் பெட்டியின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் ஒவ்வொரு தரமும் கேப்பாரு, ஒரு நாளைக்கு எத்தன தரம் வயித்தால போறன்னு. ரெண்டுன்னு சொல்லுவன். எட்டுத் தரம் போற. ரத்தமும் போன. வெக்கத்துல உம்மாட்டயும் சொல்லல்ல. நீங்க கூட்டி எழுதின, நான் கொறச்சுச் சொன்ன. ரெண்டு பேரும் சேந்துதானே அங்கிள் ஏமாத்தின.”

பிள்ளைகளே, நான் உங்களுக்கு எழுத வந்தது அந்த ஒரு வசனத்தைத்தான். வலியை, இரத்தத்தை, எத்தனை தரம் என்பதை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாங்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டோம். பலகையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்காதீர்கள். சோம்பலிலோ பாவம் பார்த்தோ உங்களை அளக்காமல் விடுகிற ஆள் இருந்தால், அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பழைய பலகை சுவரில்தான் இருந்தது. நுஸ்ரா அதைத் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து நில்லுங்கள் அங்கிள், உங்களை யாராவது அளந்திருக்கிறார்களா என்று கேட்டாள். முப்பத்தேழு வருட வேலையில் யாரும் என்னை அளந்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, சப்பாத்தோடு நின்றேன்.

அவள் குனிந்து, முதலில் தன்னுடைய சப்பாத்தைக் கழற்றி வைத்தாள்.

மூன்று தரம் அளந்தாள்.